தேசத் துரோகமா, ராஜ துரோகமா? பேச்சுரிமையும் நாட்டுப் பாதுகாப்பும்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். சட்டம் பற்றிப் பேசச் சொல்லிக் கல்லூரிகளில் கூப்பிடுவார்கள். மேடையில் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இறங்கி டீ குடிக்கும்போதுதான் “அண்ணாச்சி, ஒரு சந்தேகம்” என்று ஒவ்வொருவராக வருவார்கள். அப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: பேச்சுரிமை இருக்கிறது என்றால் எதை வேண்டுமானாலும் பேசலாமா?

பேச முடியாது. அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைக் கொடுக்கிறது. அடுத்த உட்பிரிவான 19(2) எந்தெந்தக் காரணத்துக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்கிறது. இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் என்று எட்டு காரணங்கள். இந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு காரணத்தைச் சொல்லி அரசு உங்கள் வாயை அடைக்க முடியாது. “அமைச்சர் மனம் புண்படுகிறது” என்பது பட்டியலில் கிடையாது.

1950-ல் இந்தப் பட்டியல் இவ்வளவு நீளமாக இல்லை. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பத்திரிகை தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று சென்னை மாகாண அரசு தடை போட்டது. உச்ச நீதிமன்றம் அதே வருடம் அந்தத் தடையை ரத்து செய்தது. சாதாரணப் பொது அமைதி வேறு, நாட்டின் பாதுகாப்பே ஆட்டம் காண்பது வேறு என்றது. உடனே 1951-ல் முதல் திருத்தம் வந்தது, பொது ஒழுங்கு பட்டியலில் ஏறியது. கூடவே, கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது. இன்றைக்கும் எங்களைப் போன்ற வக்கீல்களுக்குச் சோறு போடுவது அந்த ஒற்றைச் சொல்தான். அப்புறம் 1963-ல் பதினாறாவது திருத்தம். இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற காரணம் அப்போதுதான் நுழைந்தது. திராவிட நாடு கோரிக்கை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அண்ணா மாநிலங்களவையில் அந்தத் திருத்தத்தை எதிர்த்துப் பேசினார், அதே வருடம் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. டெல்லியில் எழுதிய சட்டம்தான், ஆனால் இரண்டு முறையும் அதைத் திருத்த வைத்ததில் நம் பக்கத்துக்குப் பங்கு உண்டு.

கேள்வி: பேப்பரில் ‘தேசத் துரோக வழக்கு’ என்று போடுகிறார்களே, அது என்ன?

இந்த மொழிபெயர்ப்பின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1870-ல் வெள்ளைக்காரன் சேர்த்த பிரிவு அது. சட்டப்படி அமைந்த ‘அரசாங்கத்தின்’ மேல் வெறுப்பை மூட்டுவது குற்றம் என்றது. தேசம் என்ற சொல்லே அதில் கிடையாது. அந்தக் காலத்துத் தமிழில் அதை ‘ராஜ துரோகம்’, ‘ராஜ நிந்தனை’ என்று சரியாகத்தான் எழுதினார்கள். ராஜா போனார், சொல் மட்டும் ‘தேசத் துரோகம்’ ஆகிவிட்டது. அரசாங்கத்தைத் திட்டியவன் தேசத்தையே காட்டிக் கொடுத்தவன் மாதிரி ஆகிவிட்டான். வீட்டு வரி போடுகிறவரைக் குறை சொன்னால் வீட்டையே இடிக்கப் பார்க்கிறான் என்று சொல்வது போல இருக்கிறது. பேச்சுரிமையா பாதுகாப்பா என்று நடக்கும் சண்டையில் பாதி இந்தக் குழப்பத்தால் வருவது என்பது என் எண்ணம்.

1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. ஆனால் கடிவாளம் போட்டது. வன்முறையைத் தூண்டினால், அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ இருந்தால் மட்டுமே குற்றம். எவ்வளவு காரமாக இருந்தாலும் அரசை விமர்சிப்பது குற்றம் ஆகாது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் அந்தப் பிரிவையே நிறுத்தி வைத்தது.

கேள்வி: அப்படியானால் இப்போது அந்தச் சட்டம் இல்லையா?

பெயர் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 152-வது பிரிவு இருக்கிறது. பிரிவினை, ஆயுதக் கலகம், நாசவேலை இவற்றைத் தெரிந்தே தூண்டுவது, நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவிப்பது குற்றம். ஆயுள் தண்டனை வரை போகலாம், அல்லது ஏழு வருடம் வரை சிறை. அரசாங்கம் என்பது போய் நாடு என்பது வந்திருக்கிறது. அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் ‘ஆபத்து விளைவிப்பது’ என்ற சொல் ரப்பர் மாதிரி, இழுத்த பக்கமெல்லாம் வரும். அதை யார் இழுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

கேள்வி: 1908-ல் வ.உ.சி. பேசியதால்தானே திருநெல்வேலியில் கலவரம் வந்தது? வெள்ளைக்காரன் பயந்ததில் நியாயம் இருக்கிறதே?

ஒரு பாலிடெக்னிக் மாணவன் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டத்தில் பேசினார்கள். மார்ச் முதல் வாரம் நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி உயர்ந்தது. மார்ச் 9, வங்காளத் தலைவர் விபின் சந்திர பால் விடுதலையைக் கொண்டாட ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. இந்தப் பேச்சுகளையெல்லாம் கேட்ட ஜனங்கள் ஊரைக் கொளுத்தவில்லை. மார்ச் 12-ல் கலெக்டர் விஞ்சைப் பார்க்கத் திருநெல்வேலிக்கு வந்த இடத்தில் இருவரையும் பிடித்து வைத்தார்கள். மறுநாள், 13-ஆம் தேதிதான் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், தபால் அலுவலகம், போலீஸ் நிலையம் என்று தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

கலவரம் வந்தது பேச்சுக்குப் பிறகு அல்ல, பேசினவர்களைப் பிடித்ததற்குப் பிறகு. அமைதி காக்கிறோம் என்று எடுத்த நடவடிக்கையே அமைதியைக் கெடுத்தது. ஆனால் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஜூலை 7-ல் கொடுத்த தீர்ப்பில் வ.உ.சி.க்கு விழுந்தது இரண்டு ஆயுள் தண்டனை, நாற்பது வருடம். தன் பேச்சுக்கு இருபது, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது. மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருடைய கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. 1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது வேறு விஷயம். அது துப்பாக்கி, பேச்சு அல்ல. எந்த நாட்டுச் சட்டத்திலும் அது கொலைதான். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் எதையும் யோசிக்க முடியாமல் போய்விடும்.

கேள்வி: சாதியைப் பற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தால் அது நாட்டுப் பாதுகாப்புப் பிரச்சினையா?

இல்லை. ஆனால் அதற்காக அது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1965-ல் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வட்டங்களைச் சொன்னது. பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள்ளே பொது ஒழுங்கு. அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், டாஸ்மாக் வாசலில் இரண்டு பேர் அடித்துக்கொள்வது பெரிய வட்டம். கோயில் கொடையில் ஒரு சாதியார் பாட்டுப் போட்டு இன்னொரு தெருவைச் சீண்டி, இரண்டு தெருவும் அரிவாளோடு நிற்பது நடு வட்டம். எல்லை தாண்டி ஆயுதம் கொண்டுவந்து கலகம் செய்வது உள் வட்டம்.

அரிவாள் படம் போட்டு “சீக்கிரம் சம்பவம்” என்று ஸ்டேட்டஸ் வைக்கிற பையன்கள் மேல் நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவில், பகையை வளர்த்ததாக, வழக்கு வரும். மூன்று வருடம் வரை சிறை. நம் மாவட்டத்தில் ஒரு ஸ்டேட்டஸுக்கும் ஒரு கொலைக்கும் நடுவில் இருக்கும் தூரம் சில நாள் சில மணி நேரம்தான் என்பதை இங்கே வாழ்கிற யாரும் மறுக்க முடியாது. அதனால் இந்த இடத்தில் நான் போலீஸ் பக்கம்தான். ஆனால் அதே பையனை உள் வட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பயங்கரவாதி என்றால், ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பேச்சு ஆபத்தானதா என்று பார்க்க நீதிமன்றம் சொன்ன உவமை ஒன்று உண்டு. இடஒதுக்கீடு பற்றிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு எதிரான வழக்கில் 1989-ல் சொன்னது: பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல நெருக்கமாக இருக்க வேண்டும். யாரோ ஊர்வலம் போவோம், கல்லெறிவோம் என்று மிரட்டுவதற்காகப் பேசுகிறவனை அடக்கக் கூடாது. அந்த மிரட்டலை அடக்குவதுதான் அரசின் வேலை.

கேள்வி: கூடங்குளம் போராட்டத்தில் அத்தனை பேர் மேல் தேசத் துரோக வழக்கு போட்டது சரியா?

அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். உண்மையைச் சொன்னால் எனக்கே இதில் இரண்டு மனசு. ஆனால் வழக்கு போட்ட விதம் தவறு. 2011-ல் புகுஷிமா விபத்துக்குப் பிறகு இடிந்தகரையில் மீனவ மக்கள் மாதாகோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பெயர் கூடக் குறிப்பிடாமல் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் 124ஏ பாய்ந்தது. வலை பின்னுகிற பாட்டி எப்படி அரசாங்கத்தைக் கவிழ்ப்பாள்? 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் உலை இயங்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், போராடியவர்கள் மேலுள்ள கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. பின்னால் பல வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் பாஸ்போர்ட் கிடைக்காமல் வெளிநாட்டு வேலை போன இளைஞர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: உலையின் பாதுகாப்பு பற்றிப் பொதுவில் பேசினால் எதிரிக்குத்தானே உதவி?

2019 அக்டோபர் கடைசியில் நடந்ததைப் பாருங்கள். கூடங்குளத்துக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று வெளியாட்கள் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். 29-ஆம் தேதி உலை நிர்வாகம், இங்கே கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குகிறது, இணையத் தாக்குதலுக்கு வழியே இல்லை என்று அறிக்கை விட்டது. மறுநாளே அணுமின் கழகம், ஆமாம், நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைத்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது, செப்டம்பரிலேயே தெரியும், உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பாதிப்பில்லை என்று ஒப்புக்கொண்டது.

புகுந்தவனுக்குப் புகுந்தது ஏற்கெனவே தெரியும். சரிசெய்கிறவர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது ராதாபுரம் தாலுகா ஜனங்களுக்கு மட்டும்தான். இந்த ரகசியம் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றியது? அதேசமயம், உலையின் எந்தக் கதவுக்கு எத்தனை மணிக்குக் காவல் மாறும் என்று ஒருவர் எழுதினால் அவரை நான் ஆதரிக்க மாட்டேன். கேட்க வேண்டியது இதுதான்: இந்தச் செய்தி தாக்குகிறவன் கைக்கு ஆயுதமா, அல்லது பொறுப்பானவர்களுக்குச் சங்கடமா?

தகவல் உரிமைச் சட்டத்திலும் இதே தராசு இருக்கிறது. 8(1)(அ) பாதுகாப்புத் தகவலை மறைக்க அனுமதிக்கிறது. 8(2), வெளியிடுவதில் பொதுநலன் பெரிதாக இருந்தால், அலுவல் ரகசியச் சட்டமே இருந்தாலும் கொடுக்கலாம் என்கிறது. 2012-ல் மத்திய தகவல் ஆணையம் கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையைக் கொடுக்கச் சொன்னது. அணுமின் கழகம் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

கேள்வி: கல்யாண வீடியோவுக்கு டிரோன் விட்டேன், உலை பின்னணியில் வந்துவிட்டது. பிரச்சினையா?

பிரச்சினைதான். 2021 டிரோன் விதிகளின்படி ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தின் வரைபடத்தில் சிவப்பு மண்டலமாகக் காட்டியிருக்கும் இடத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. நம் மாவட்டம் பார்க்கத்தான் வாழைத்தோப்பும் காற்றாலையுமாகத் தெரிகிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறது, விஜயநாராயணத்தில் கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசும் கடற்படைத் தளம் இருக்கிறது. (அதற்கு வைத்த பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். ஒரு காலத்தில் அரசாங்கத்துக்கு ஆபத்து என்று தூக்கில் தொங்கவிடப்பட்டவர்.) 1923-ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட இடம் என்று ஒன்று உண்டு. நாட்டுக்குக் கேடு செய்யும் நோக்கத்தோடு அதைப் படமெடுத்தால் 14 வருடம் வரை போகும். கல்யாண வீட்டு டிரோனுக்கு அந்த நோக்கம் கிடையாது, ஆனால் அதை நிரூபிக்கும் வரை நீங்கள் அலைய வேண்டும். முதலில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள்.

கேள்வி: என் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். அவன் அனுப்பிய படங்களை ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

அவன் சிரிக்கிற முகத்தை வையுங்கள். எந்த ரயிலில், எத்தனை பேர், எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதை வைக்காதீர்கள். 2008 மும்பைத் தாக்குதலில் டிவி நேரலையைப் பார்த்து, உள்ளே இருந்தவர்களுக்கு வெளியிலிருந்து வழிகாட்டினார்கள். கசாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தச் சேனல்களைக் கடுமையாகச் சாடியது. 2025-ல் எல்லையில் சண்டை நடந்தபோது, படை நகர்வுகளை நேரலையில் காட்டாதீர்கள் என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. இந்தக் கட்டுப்பாட்டை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சண்டை சரியா தவறா என்று எழுதுவது வேறு, அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: தடை செய்யப்பட்ட இயக்கத்தை ஆதரித்துப் பேசினாலே ஜெயிலா?

நம் பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரர் வைகோவின் வழக்குதான் இதற்குப் பதில். 2002-ல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக அவரைப் ‘பொடா’ என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். வேலூர்ச் சிறையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கம் இல்லாத வெறும் தார்மீக ஆதரவு பொடாவில் குற்றமாகாது என்றது. 2004-ல் பொடாவே போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பது ‘உபா’ என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம். அதில் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கடைசியில் விடுதலை ஆகலாம், ஆனால் அந்தக் கடைசி எப்போது வரும் என்பதுதான் தண்டனை.

கேள்வி: 2018-ல் இன்டர்நெட்டை நிறுத்தினார்களே, அதற்கு விதி உண்டா?

உண்டு. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் மே 22-ல் துப்பாக்கிச் சூடு, 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த உத்தரவு. வதந்தி பரவும் என்பது காரணம். பொறியியல் கலந்தாய்வுக்கு முதன்முறையாக ஆன்லைனில் பதிவு நடந்துகொண்டிருந்த நேரம் அது. பக்கத்து வீட்டுப் பையன் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தான். வதந்தி நின்றதா என்றால், இல்லை. செத்தது எத்தனை பேர் என்று டீக்கடைக்கு ஒரு கணக்கு ஓடியது. சரிபார்க்கத்தான் வழியில்லை.

2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், காலவரை இல்லாமல் நிறுத்தக் கூடாது, மறுஆய்வு செய்ய வேண்டும் என்றது. உத்தரவு கையில் கிடைத்தால்தானே கோர்ட்டுக்குப் போக முடியும்?

கேள்வி: விளையாட்டாகப் போட்டதற்கும் வழக்கு வருமா?

வந்திருக்கிறது. 2021-ல் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போய், படங்களைப் போட்டு ‘துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம்’ என்று எழுதினார். வாடிப்பட்டி போலீஸ், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்த பிரிவில் வழக்கு போட்டது! சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்து, சிரிப்பதும் ஒரு கடமை என்கிற பாணியில் ஒரு தீர்ப்பு எழுதியது. தேடிப் படியுங்கள்.

கேள்வி: நான் எழுதவில்லை, ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன். தப்பிக்கலாமா?

முடியாது. ஒன்றை அனுப்புவது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் வழக்கில் சொல்லிவிட்டது. வெறும் குரூப் அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021-ல் சொன்னது.

கேள்வி: “ஸ்டேஷனுக்கு வா” என்று போன் வருகிறது. என்ன செய்வது?

போஸ்டை அவசரமாக அழிக்காதீர்கள், அது சாட்சியத்தை அழித்ததாகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எழுத்தில் சம்மன் கேளுங்கள். ஏழு வருடத்துக்குட்பட்ட தண்டனை உள்ள குற்றம் என்றால் பொதுவாக முதலில் நோட்டீஸ்தான் வர வேண்டும், எடுத்த எடுப்பில் கைது கூடாது. மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை வரும் பேச்சுக் குற்றமானால், வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை செய்வது நல்லது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதற்கெடுத்தாலும் நடுங்குகிற ஆளின் காதால் கேட்கக் கூடாது, நிதானமான திடமனதுக்காரரின் காதால் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. சாட்சியாக விசாரிக்க என்றால் பெண்களையும் அறுபது வயது தாண்டியவர்களையும் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். போனை எடுத்துக்கொண்டால், அதைக் கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரின் நகல் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்கு அழைத்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

தனியாகப் போகாதீர்கள். வாய் அதிகம் பேசாத ஒரு சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.